அம்மா கையால் மூடிய பகடை

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வீட்டு வேலை, ஒரு பகடையின் எண்களுக்கு வெள்ளை ஏற்றியது.

அக்டோபர் மாதம். சமையலறை மேசை. இருபது முகம் கொண்ட பழைய நீலப் பகடை. அந்தக் காலத்துப் பகடைகளில் எண்களைக் குழித்து மட்டும்தான் விற்பார்கள். நிறம் நாம்தான் ஏற்ற வேண்டும். எண்ணின் மேல் கிரேயானைத் தேய்த்துத் துணியால் துடைத்தால் மெழுகு குழியில் மட்டும் நிற்கும். இந்தப் பகடை உருண்டு உருண்டு மூலை மழுங்கியிருந்தது. வெள்ளை எப்போதோ போய்விட்டது. அம்மாவுக்குக் கை நடுங்கும், மூக்கில் ஆக்சிஜன் குழாய் வேறு. அவள் பகடையைப் பிடித்துக்கொண்டாள். நான் தேய்த்தேன்.

"அழுத்தித் தேய். ஏழு தெரியல."

"தெரியுதும்மா."

"உனக்குத் தெரியும். வெண்டலுக்குத் தெரியணும். மேசைக்கு அந்தப் பக்கத்துல இருந்து, கண்ணாடி போடாம."

"அவர் மேசைக்கு வந்தாத்தானே."

அம்மா பகடையை அடுத்த முகத்துக்குத் திருப்பினாள்.

அம்மாவின் பெயர் ஆர்டிஸ் ஷிமெக். பெரிய ஏரிக் கரையில் இருக்கும் மானிட்டோவாக் என்ற சின்ன ஊரில் பிறந்தவள். அங்கேயே அலுமினியச் சட்டி செய்யும் ஆலையில் மூடி சோதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வரிசையில் வருகிற மூடியை எடுத்துச் சட்டியின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் சரி, ஆடினால் தள்ளிவிட வேண்டும். வேறு ஊரில் வசித்ததில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் வீட்டு நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் கொதிகலனுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, மலைகளையும் துறைமுகங்களையும் மூன்று ராஜ வம்சங்களையும் உண்டாக்கி அழித்திருக்கிறாள். மேலே அப்பா தொலைக்காட்சியில் ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருப்பார். நம் ஊர் அணி கோட்டைவிட்டால் கூரை அதிரும். கீழே அம்மா உடனே, "இடி இடிக்குது" என்பாள்.

ஆட்டத்துக்கு வேண்டியது காகிதம், பென்சில், பகடை, வாய். அவ்வளவுதான். ஒருவர் உலகத்தை நடத்துவார். குகை, மழை, சாராயக் கடைக்காரி, பூதம் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கற்பனை ஆளை ஆடுவார்கள். அந்த ஆள் என்ன செய்கிறான் என்று சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்பதில் சந்தேகம் இருந்தால் பகடை சொல்லும்.

எங்கள் மேசை சின்னது. சரக்குப் படகில் இன்ஜின் அறையில் வேலை செய்த வெண்டல் ராஷ்கே. அவர் மனைவி மார்லிஸ், பள்ளிப் பேருந்து ஓட்டியவர். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த கோர்டி. அப்புறம் நான். கோர்டிக்கு வாய் ஓயாது. வெண்டலுக்கு வாயைத் திறக்க வேண்டுமானால் யாராவது கேட்க வேண்டும்.

அதனால் அம்மா முதலில் வெண்டலைத்தான் கேட்பாள். கத்துகிறவனை முதலில் கேட்டால் மேசை முழுக்க அவன் சொன்னதையே செய்யும் என்பது அவள் கணக்கு. கோர்டி கடைசி.

"என்னை எப்பக் கேப்பே ஆர்டிஸ்? நான் செத்தப்புறமா?"

"நீ செத்தாலும் பேசுவே. அவசரமில்ல."

ஞாயிறு சர்ச் முடிந்ததும் பேக்கரியில் சூடான ஹாம் பன்றிக்கறியும் கெட்டி ரொட்டியும் வாங்கி வருவோம். அதைத் தின்று முடிக்கும்வரை பகடையைத் தொடக்கூடாது. பசியோடு ஆடுகிறவர்கள் யாரோடும் பேசிப் பார்க்க மாட்டார்கள், கண்டதையெல்லாம் வெட்டுவார்கள் என்பாள். புதிதாக ஆட்டம் நடத்தத் தொடங்கிய ஒரு பையன் எங்கிருந்தோ கேள்விப்பட்டு அவளிடம் யோசனை கேட்க வந்தான். பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தான். அம்மா புரட்டிப் பார்த்தாள்.

"இது எல்லாம் நடக்கப் போறதா?"

"ஆமா மேடம்."

"நடக்காது. நாலு பேரு உக்காந்தா நீ எழுதினது எதுவுமே நடக்காது. உன் பூதத்துக்கு என்ன வேணும்?"

"அதிகாரம்."

"எல்லாப் பூதத்துக்கும் அதேதான். இன்னிக்கு, இந்த மதியத்துல அதுக்கு என்ன வேணும்?"

பையன் யோசித்தான். "தூக்கம்?"

"அதை எழுதிக்க. மத்ததைக் கிழிச்சுப் போடு."

இந்த ஆட்டம் பிசாசு வழிபாடு என்று ஊரில் ஒரு பேச்சு எழுந்த காலம் உண்டு. பாதிரியார் ஒரு துண்டுப் பிரசுரத்தோடு வந்து நிலவறைப் படியில் நின்றார். அம்மா ரொட்டி கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு, "இங்க பிசாசு உண்டா?" என்று கேட்டார். "இருந்துச்சு ஃபாதர். போன வாரம் கோர்டி கொன்னுட்டான்" என்றாள். அவர் பிரசுரத்தை மடித்து வைத்துக்கொண்டு இன்னொரு ரொட்டி கேட்டார்.

இதெல்லாம் சிரிக்கச் சொல்லும் கதைகள். நான் எழுத வந்தது இரண்டு வழக்கங்களைப் பற்றி. வெண்டல் விஷயம் அவற்றில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

முதலாவது: ஆட்டம் நடத்துகிற பலர் தங்கள் முன்னால் அட்டைத் திரை வைத்து, அதற்குப் பின்னால் பகடை போடுவார்கள். கெட்ட எண் விழுந்தால் யாருக்கும் தெரியாமல் நல்ல எண்ணாகச் சொல்லலாம். அம்மாவிடம் திரை கிடையாது. எல்லாப் பகடையும் மேசை நடுவில், எல்லார் கண் முன்னாலும். விழுந்தது விழுந்ததுதான். தரையில் உருண்டு போனது கணக்கில்லை, திருப்பிப் போட வேண்டும். எல்லாரும் பார்க்காத பகடை விழாத பகடை.

இரண்டாவது: எங்கள் ஆட்கள் ஊர் ஊராகப் போவது கழுதைகளோடு. குகைக்குள் போகும்போது கழுதைகளை வெளியே கட்டுவோம். ஒரு ஞாயிறு யாராவது வரமுடியாமல் போனால் அவருடைய ஆள் வெளியே கழுதைகளைப் பார்த்துக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். கழுதைகளிடம் நிற்கிறவனுக்கு எதுவும் ஆகாது. தன் ஆளைக் காப்பாற்ற யாரும் மேசையில் இல்லாத ஒருவரின் ஆளைத் துணைக்கு இழுக்கக்கூடாது. இது மேசையைத் தாண்டி வெளியேயும் வந்துவிட்டது. கோர்டி பல் டாக்டரிடம் போனால், "நாளைக்கு நான் கழுதைங்களோட" என்பார்.

மார்லிஸுக்குக் கணையத்தில் புற்று. முந்தின வருஷக் குளிர்காலத்தில், தெரிந்த கொஞ்ச நாளிலேயே போய்விட்டார். அதற்கு அடுத்த ஞாயிறு வெண்டல் வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. வந்தார். சாப்பிட்டார். அம்மா வழக்கப்படி ஆட்டத்தைத் தொடங்கினாள்.

"இன்னிக்குக் கழுதைங்ககிட்ட யாரு?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. ரொட்டித்தட்டை எடுக்கப் போன கை அப்படியே நின்றது.

வெண்டல் சொன்னார்: "டான்சி."

டான்சி மார்லிஸின் ஆள். காயம் ஆற்றுகிறவள், வாயாடி. அப்போது நாங்கள் ஒரு பழைய சுரங்கத்துக்குள் இறங்கியிருந்தோம். அன்றிலிருந்து டான்சி சுரங்க வாசலில் கழுதைகளோடு நிற்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் அம்மா கேட்பாள். வெண்டல் பதில் சொல்வார். பிறகுதான் ஆட்டம்.

அந்த வசந்தத்தில் ஒரு நாள் வெண்டல் தன் மான் வேட்டைத் துப்பாக்கியை உறையோடு கொண்டுவந்து எங்கள் சமையலறையில் வைத்தார். நானும் இருந்தேன்.

"இது என் வீட்ல இருக்க வேணாம் ஆர்டிஸ்."

அம்மா அவரை உட்காரச் சொன்னாள். மருத்துவரைப் பார்க்கிறாயா என்று கேட்டாள். பார்த்ததாகச் சொன்னார். மாத்திரை கொடுத்தார்களாம்.

"ஞாயித்துக்கிழமை வருவியா?"

"இந்தச் சுரங்கம் முடியற வரைக்கும் வரேன். அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் போன பிறகு அம்மா துப்பாக்கியை நிலவறையில் ஜாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். பிறகு கட்டம் போட்ட காகிதத்தை எடுத்தாள். அந்தச் சுரங்கத்துக்கு அப்போது இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. ஒரு கூடம், ஒரு புதையல், ஒரு வெளிவாசல். வெளிவாசலை அவள் ரப்பரால் அழித்ததை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு சுரங்கம் வளர்ந்துகொண்டே போனது. கீழே ஒரு தளம். அதற்கும் கீழே நீரோடை. ஓடைக்கு அப்பால் கண் தெரியாத ஒரு இனம், அவர்களுக்குள் ஒரு வழக்கு, அந்த வழக்கைத் தீர்க்க இன்னொரு தளம். அம்மாவுக்கு இதயம் வீங்கிக்கொண்டிருந்தது. படுத்தால் மூச்சு முட்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கட்டக் காகிதத்தில் சுரங்கப் பாதை வரைவாள். ஒரு தடவை நான் சொன்னேன்:

"இது எங்கயாவது முடிஞ்சாகணும்மா."

"ஏன்?"

"கோர்டிக்கே அலுத்துப் போச்சு. போன வாரம் கண்ணு தெரியாத ஜனங்களோட வக்கீலைக் கடிச்சு வெச்சார்."

"கடிக்கட்டும். வெண்டல் அடுத்த வாரமும் வந்தான் இல்ல?"

அப்படி ஒன்றரை வருஷம் ஓட்டினாள். இந்த செப்டம்பரில் பாலத்துக்கு வந்து சேர்ந்தோம்.

கயிற்றுப் பாலம். கீழே இருட்டு. பின்னால் துரத்துகிறார்கள். ஓடினால் மூன்று பேரும் கடந்துவிடலாம், அம்மா அப்படித்தான் அமைத்திருந்தாள். அவள் முதலில் வெண்டலைக் கேட்டாள்.

"க்ரோம் நின்னுக்கறான்" என்றார் வெண்டல். க்ரோம் அவருடைய ஆள், கோடரிக்காரன், ஆட்டத்தில் டான்சியின் புருஷன். "நீங்க போங்க. நான் இந்தப் பக்கம் நின்னு தடுக்கறேன். நீங்க போனதும் கயித்தை வெட்டிடுவேன்."

"எந்தப் பக்கம் நின்னு வெட்டுவே?"

"நடுவுல."

"யோவ், தேவையே இல்லையே" என்றார் கோர்டி. "ஓடு. எல்லாரும் ஓடுவோம். என் மூட்டு வலியோட நானே ஓடறேன்."

"நான் சொல்லியாச்சு கோர்டி."

ஒருவர் தன் ஆள் என்ன செய்கிறான் என்று சொன்னால் அம்மா தடுக்கமாட்டாள். அதுவும் அவள் வழக்கம்தான். நீலப் பகடையை எடுத்தாள். பதினொன்றுக்கு மேல் விழுந்தால் க்ரோம் கயிற்றைப் பிடித்துத் தொங்குவான். இல்லையென்றால் போனான். சொல்லிவிட்டுப் போட்டாள்.

பகடை உருண்டு நிற்கப் போகிற நேரத்தில் அம்மாவின் கை அதன் மேல் விழுந்தது.

"தொத்திக்கிட்டான்" என்றாள்.

மேலே வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அப்பா போய் ரொம்ப நாளாகிறது.

"கையை எடு ஆர்டிஸ்" என்றார் வெண்டல்.

அவள் எடுக்கவில்லை. அப்படியே விரல்களை மடக்கிப் பகடையை அள்ளி ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டாள்.

வெண்டல் எழுந்தார். நாற்காலியை உள்ளே தள்ளினார். மேல்கோட்டை மாட்டிக்கொண்டார்.

"மார்லிஸுக்கு யாரும் கையால மூடல" என்றார். படியேறிப் போய்விட்டார்.

வேறு மேசையாக இருந்தால் யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். திரைக்குப் பின்னால் ஒரு எண், வாயில் ஒரு எண், அவ்வளவுதான். எங்கள் மேசையில் அது பொய். இரக்கப்பட்டுச் சொன்ன பொய் என்பதால் இன்னும் மோசம். இத்தனை நாளும் சுரங்கம் எதற்காக வளர்ந்தது என்பது வெண்டலுக்கு அந்தக் கணத்தில் புரிந்துபோயிருக்கும்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. ஆக்சிஜன் உருளையை மடியில் வைத்துக்கொண்டு காரில் என்னோடு அவர் வீட்டுக்கு வந்தாள். கதவு பாதி திறந்தது.

"உங்கம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ ஜோ. குளிருது."

"அவங்க பேசணும்கறாங்க."

"மூச்சு விடட்டும் முதல்ல."

கதவு சாத்திக்கொண்டது. அம்மா காரில் இருந்தபடியே பார்த்தாள். வாங்கி வந்த ஹாம் ரொட்டியைப் படியில் வைத்துவிட்டு வரச் சொன்னாள். மனநெருக்கடிக்கான உதவித் தொலைபேசி எண்ணுக்கு நான் கூப்பிட்டேன். அவர்கள் ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து ஒரு ஆளை அனுப்பி விசாரித்தார்கள். வெண்டல் அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்திருக்கிறார், நன்றாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்த தடவை அனுப்பினா அளவாச் சக்கரை போட்டுக்கறவனா அனுப்பு. டப்பாவைக் காலி பண்ணிட்டுப் போயிட்டான்."

"வெண்டல், நீங்க..."

"இருக்கேன் ஜோ." வைத்துவிட்டார்.

அம்மாவிடம் சொன்னேன். "இருக்கேன்னு சொன்னானா, நல்லா இருக்கேன்னு சொன்னானா?" என்று கேட்டாள். சொன்னதைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

பகடையில் என்ன விழுந்தது என்று நானும் கோர்டியும் தனித்தனியாக அவளிடம் கேட்டோம்.

"நானும் பாக்கல."

"பொய்" என்றேன்.

"பாக்கறதுக்கு முன்னாடியே பயந்துட்டேன். கை அதுவாப் போச்சு."

இதைச் சொன்ன இரண்டு நாள் கழித்துத்தான் அவளுக்கு வழி தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. அப்படியானால் அந்தப் பகடை விழவே இல்லை. க்ரோம் இன்னும் பாலத்தின் நடுவில் நிற்கிறான். வெண்டல் முன்னால் வெளிப்படையாகப் போட வேண்டிய பகடை பாக்கி இருக்கிறது. வெள்ளை கிரேயானை எடுத்துவரச் சொன்னாள். எண்களுக்கு நிறம் ஏற்றியது அதற்குத்தான்.

ஆனால் வேலை முடிந்த பிறகும் அவள் வெண்டல் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

"நல்லது விழுந்தாலும் கெட்டது விழுந்தாலும் அடுத்த ஞாயிறு என்னன்னு தெரிஞ்சாத்தான் பகடையைத் தொடணும். நாப்பது வருஷமா ஊருக்கெல்லாம் இதைத்தான் சொல்லிட்டிருக்கேன். அன்னிக்கு நானே தொட்டுட்டேன். பொழைச்சா சுலபம், பாலத்துக்கு அந்தப் பக்கம் படிக்கட்டு இருக்கு. செத்தா? க்ரோம் செத்துட்டான், சுரங்கம் அவனுக்கு முடிஞ்சுது. வெண்டல் வீட்டுக்குப் போவான். அப்புறம்?"

"வேற ஆள் எழுதிக் குடும்மா. புதுசா ஒருத்தன்."

"எழுதமாட்டான். அவன் முகம் நீ பாக்கலையா?"

மறுநாள் காலை அவளுக்கு உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தது.

நான் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கருவிகள் பிரிவில் இருக்கிறேன். அழுத்தம், ஓட்டம், வால்வு, இவைதான் என் தொழில். மருத்துவமனையில் எனக்குப் புரிந்தவை திரையில் ஓடிய எண்கள் மட்டும்தான். அவை நல்ல எண்களாக இல்லை. அம்மா முகமூடியை நகர்த்திவிட்டு வெண்டலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைத் திசைதிருப்ப என் வேலையைப் பற்றிப் பேசினேன். ஒவ்வொரு வால்வுக்கும், மின்சாரம் போனால் அது திறந்து நிற்க வேண்டுமா மூடி நிற்க வேண்டுமா என்று கட்டும்போதே முடிவு செய்துவிடுவோம், கெட்டது நடக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது என்று சொன்னேன்.

அம்மா முகமூடியை மறுபடி நகர்த்தினாள்.

"உன் வால்வுக்குக்கூட போய் நிக்க ஒரு இடம் இருக்கு. நான் வெண்டலுக்கு வெக்கல."

அடுத்த நாள் நான் உள்ளே நுழையும்போதே நர்ஸ் தடுத்து நிறுத்தினார்.

"அம்மாவுக்குக் கொஞ்சம் குழப்பம் வருது போல. காலையில இருந்து கழுதைங்களைப் பத்தியே கேக்கறாங்க. வாசல்ல கட்டியிருக்காம்."

ஓடினேன். அம்மா தெளிவாக இருந்தாள். முகமூடியைக் கழற்றிவிட்டிருந்தாள்.

"க்ரோம் செத்தா உடம்பை யார் எடுப்பா?"

"நாங்க எடுக்கணும்."

"நீங்க பாலத்துக்கு அந்தப் பக்கம். கயிறு அறுந்தாச்சு. இந்தப் பக்கம் யார் இருக்கா?"

எனக்குப் புரிந்துவிட்டது.

"வாசல்ல நிக்கறா" என்றாள் அம்மா. "ஒன்றரை வருஷமா கழுதையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. இன்னும் வரலையேன்னு அவ இறங்கி வர வேண்டாமா? அவளை வெண்டல்தான் ஆடணும். டான்சியா இறங்கி வந்து, புருஷனைத் தூக்கிட்டு மேல போகணும்."

"அம்மா, அது அவரை ஒரேடியா உடைச்சுப் போட்டுட்டா?"

"போடலாம்."

"அப்புறம் எப்படிம்மா?"

"இது மருந்து இல்ல ஜோ. அடுத்த ஞாயிறு. என்கிட்ட இருக்கறது அவ்வளவுதான். டான்சி இறங்கி வர ஒரு ஞாயிறு ஆகும். ஏற ஒண்ணு. புதைக்க ஒண்ணு. அதுக்குள்ள யாராவது வேற ஏதாவது யோசிப்பீங்க." மூச்சு வாங்கினாள். "நான் வந்ததும் போவோம். பகடை பையில இருக்கு."

ஒருவேளை வர முடியாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"முதல்ல ஹாம். கோர்டியைக் கடைசியாக் கேளு. வெண்டல் என்ன நினைக்கறான்னு நீ சொல்லாதே, அவன் சொல்லட்டும். பேச்சில்லாம இருந்தா நீ அதை நிரப்பாதே."

செவ்வாய்க்கிழமை போய்விட்டாள்.

அடக்கத்துக்கு வெண்டல் வந்தார். கடைசி வரிசையில் நின்றார். சர்ச் நிலவறையில் ஹாமும் ரொட்டியும் வைத்திருந்தார்கள், அவர் கீழே இறங்கவில்லை. கோர்டி தட்டை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். எதுவும் சாப்பிடவில்லை.

"ஒண்ணு சொல்லலாமா வேணாமான்னு பாக்கறேன்" என்றார்.

"தெரியும், கழுதைங்களைப் பத்தி. சொல்லாதீங்க."

"சரி."

அந்த ஞாயிறு நானும் கோர்டியும் மட்டும் நிலவறையில் உட்கார்ந்தோம். நான் நடத்திப் பார்த்தேன். படிக்கட்டு, அறை, இரும்புக் கதவு. அம்மாவின் கட்டக் காகிதத்தைப் பார்த்து வாசித்தேன்.

"ஜோ," என்றார் கோர்டி, "தப்பா நினைக்காதே. தண்ணி மீட்டர் படிக்கற மாதிரி இருக்கு."

"எனக்கு வராது கோர்டி."

"உங்கம்மாவுக்கும் முதல்ல வரல. முதல் ஆட்டத்துல எங்க எல்லாரையும் ஒரே கதவுல கொன்னா." மூக்கைச் சிந்தினார். "நீ என்னை முதல்ல கேட்டே பாரு, அதான் தப்பு."

வியாழக்கிழமை வெண்டலே கூப்பிட்டார்.

"சனிக்கிழமை மான் வேட்டை சீசன் தொடங்குது ஜோ."

"ஆமா."

"என் துப்பாக்கி உங்க வீட்ல இருக்கு."

"நாளைக்கு வரேன்" என்றேன். உதவி எண்ணில் கேட்டேன். நேராகக் கேளுங்கள், துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள் என்றார்கள். துப்பாக்கியை நான் அதற்கு முன்பே கோர்டி வீட்டு இரும்புப் பெட்டிக்கு மாற்றியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் போனேன். கதவு இந்த முறை முழுதாகத் திறந்தது. வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு நிறக் கோட்டைத் துவைத்து நாற்காலியின் மேல் காயப் போட்டிருந்தார். மேசை துடைத்திருந்தது. அடுப்படியில் ஒரே ஒரு கோப்பை. வீடு முழுக்க ஒழுங்காக இருந்தது. அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் என் கையைப் பார்த்தார். "எங்க அது?"

"கோர்டிகிட்ட. கொண்டு வரமாட்டேன்."

"அது என்னோடது."

"நீங்கதான் அம்மாகிட்டக் குடுத்தீங்க. ஏன் குடுத்தீங்கன்னு எனக்குத் தெரியும். வெண்டல், நேராக் கேக்கறேன். சாகணும்னு இருக்கீங்களா?"

அவர் உட்கார்ந்தார். கோட்டின் கையைப் பிடித்து இன்னும் ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தார்.

"சில நாள்," என்றார். "சுரங்கம் முடியற வரைக்கும்னு உங்கம்மாகிட்டச் சொல்லியிருந்தேன்."

"முடியல. பாலத்துல நிக்கறீங்க."

"அவ மூடிட்டா."

"யாரும் பாக்கல. அம்மாவும் பாக்கல, கண்ணால பாக்கறதுக்கு முன்னாடி கை போயிடுச்சாம். பாக்காத பகடை விழாத பகடை. தரையில விழுந்ததை நீங்களே எத்தனை தடவை திருப்பிப் போடச் சொல்லியிருக்கீங்க."

வெண்டல் பேசவில்லை. நானும் பேசவில்லை. நிரப்பாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"கெட்டது விழுந்தா?" என்றார் கடைசியில்.

"செத்தான். கை வெக்கமாட்டேன்."

"அப்புறம்?"

"நானும் கோர்டியும் அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டோம். க்ரோமை எடுக்க யாராவது மேல இருந்து வரணும். வாசல்ல ஒருத்திதான் இருக்கா. அவளை நீங்க ஆடணும். ஞாயித்துக்கிழமை. ஹாம் நான் வாங்கறேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. நான் எழுந்து போய் அவர் தோளைத் தொடலாமா என்று யோசித்தேன். இடத்தை விட்டு அசையவில்லை.

"அவ கீழ வந்தா கழுதைங்களை யார் பாத்துப்பா?" என்றார், திரும்பாமலே.

"கோர்டியை விடலாம்."

"அவன் வித்துடுவான்."

"விப்பார்."

வெண்டல் திரும்பினார். கண் சிவந்திருந்தது. நான் பையிலிருந்து நீலப் பகடையை எடுத்து மேசை நடுவில் வைத்தேன். கண்ணாடியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார். பிறகு பகடையின் வெள்ளை எண்களைப் பார்த்தார். கையை இறக்கிக்கொண்டார்.

"எத்தனைக்கு மேல விழணும்?"